செலரியாக் கிழங்கு: கோலாலம்பூர் வெயிலில் வளருமா? நம் சமையலுக்கு ஒத்து வருமா?

செந்தூல்_மாடித்தோட்டம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பெரிய பேரங்காடிகளில் இறக்குமதிக் காய்கறிப் பக்கம் செலரியாக் என்று ஒரு கிழங்கு வருகிறதே, கவனித்திருப்பீர்கள். மேலே கரடுமுரடாக, அடியில் வேர் பின்னிக்கொண்டு, மண்ணோடு கிடக்கும். சீவிப் பார்த்தால் உள்ளே தந்த நிறம். செலரித் தண்டின் மணம்தான், ஆனால் இன்னும் சாந்தமாக, வேகவைத்தால் லேசான இனிப்போடு. வீட்டில் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. விலைதான் உருளைக்கிழங்கைவிடப் பல மடங்கு.

விதை இணையத்தில் கிடைக்கிறது. நான் இருப்பது அடுக்குமாடி வீடு. காலை வெயில் நன்றாக விழும், மதியத்துக்கு மேல் நிழல். பெரிய தொட்டிகளில் மிளகாய், கத்தரி, வெண்டை எல்லாம் நன்றாகவே காய்க்கின்றன.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். தொட்டியில் போட்டால் இங்கே கிழங்கு பிடிக்குமா? அப்புறம், இதை மசித்து வெண்ணெய் போட்டுச் சாப்பிடுவதைத் தவிர நம் வழக்கப்படி என்ன செய்யலாம்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

செராஸ்_மண்வெட்டி எழுதியது:

தாராளமாகப் போடுங்கள். சூப்பில் கிள்ளிப் போடும் செலரி இலை, அதுதான் டாவுன் சூப், நம் தாமான்களில் (குடியிருப்புகளில்) பாதி வீட்டு வாசலில் வளர்கிறது. அதுவும் இதுவும் ஒரே இனம்தான். நிழல் வலை கட்டி, தண்ணீர் நிற்காமல் ஊற்றினால் வராமல் எங்கே போகும்?

பழைய_தோட்டக்காரர் (கெப்போங்) எழுதியது:

தம்பி சொன்னதில் ஒரு பாதி சரி. டாவுன் சூப், தண்டுச் செலரி, செலரியாக் மூன்றும் ஒரே இனம், ஏப்பியம் கிராவியோலென்ஸ். கேரட், கொத்துமல்லி, சோம்பு, ஓமம் எல்லாம் இருக்கிற அதே குடும்பம். ஒன்றை இலைக்காக, ஒன்றைத் தண்டுக்காக, ஒன்றை அடி பருப்பதற்காக என்று காலங்காலமாகப் பொறுக்கி வளர்த்ததில் மூன்றும் பிரிந்துவிட்டன. செலரியாக்கில் நாம் சாப்பிடும் உருண்டை முழுக்க வேர் இல்லை. தண்டும் வேரும் சேருகிற இடம்தான் அப்படிப் பருக்கிறது. அதனால் நல்ல செடியில் கிழங்கின் மேல்பாகம் மண்ணுக்கு வெளியே தெரியும்.

ஆனால் இலை வளர்வது வேறு, கிழங்கு பருப்பது வேறு. இலை எப்படியும் வந்துவிடும். கிழங்குக்குக் குளுமை வேண்டும், அதுவும் நீண்ட நாள் வேண்டும்.

இந்தச் செடிக்குப் பிடித்தது 15 முதல் 21 டிகிரி வரை. ஐரோப்பாவில் பிப்ரவரி, மார்ச்சில் கூரைக்குள் விதைக்கிறார்கள், மே மாத வாக்கில் வெளியே நடுகிறார்கள், அக்டோபர், நவம்பரில் பிடுங்குகிறார்கள். நட்ட பிறகு மட்டும் 100 முதல் 120 நாள். அத்தனை நாளும் இலையில் உண்டான சர்க்கரை கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கு இறங்கிச் சேர வேண்டும். கோலாலம்பூரில் இரவிலும் 23, 24 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். இரவு சூடாக இருந்தால் செடி சுவாசிப்பதிலேயே அந்தச் சர்க்கரையைச் செலவு செய்துவிடும். பகலில் சேர்த்தது விடிவதற்குள் கரைந்துபோகும். எத்தனை உரம் போட்டாலும் இந்தக் கணக்கை மாற்ற முடியாது. நிழல் வலை பகல் சூட்டைக் குறைக்கும், இரவுச் சூட்டை அது ஒன்றும் செய்யாது.

என் அபிப்பிராயம்: செந்தூலில் இலைக்காகப் போடுங்கள், கிழங்கைக் கடையில் வாங்குங்கள்.

செராஸ்_மண்வெட்டி எழுதியது:

ஐயா, என் தொட்டியில் அடி பருத்தது. எலுமிச்சங்காய் அளவுக்கு வந்ததை நானே பிடுங்கிப் பார்த்தேன். கத்தியால் வெட்டினால் செலரியாக் மணம் அப்படியே அடித்தது. கீழ் இலைகளை ஒவ்வொன்றாக ஒடித்துவிட்டு, பக்கத்து வேர்களைக் கிள்ளினால் இன்னும் பருக்கும் என்று படித்தேன். நாம் சரியாகச் செய்வதில்லை என்பதற்காகச் செடியைக் குறை சொல்ல முடியுமா?

பழைய_தோட்டக்காரர் எழுதியது:

குறை சொல்லவில்லை தம்பி. எலுமிச்சங்காய் அளவு வந்ததே நீங்கள் கவனமாகப் பார்த்துக்கொண்டதற்கு அடையாளம். ஆனால் தோலும் வேரும் சீவினால் அதில் வாய்க்கு எவ்வளவு மிஞ்சும்? கீழ் இலையை ஒடிப்பதும் பக்க வேரைக் கிள்ளுவதும் கிழங்கை வழுவழுப்பாக்கும், சீவுவதற்குச் சுலபமாகும். அளவு கூடாது. இலைதான் உணவு தயாரிக்கிற இடம், அதை அதிகமாக ஒடித்தால் நட்டம் செடிக்குத்தான்.

உயரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,000 மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும். கேமரன் மலையில் இருக்கிற தானா ராத்தா கிட்டத்தட்ட 1,440 மீட்டர், சராசரி 18 டிகிரி. கேமரன் மலையில் செலரியும் முட்டைக்கோசும் செழிப்பாக வருவதற்கு அதுதான் காரணம். அங்கே செலரியாக் போட்டால் கிழங்கு பிடிக்க வழி உண்டு. கீழே இருக்கிற நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

ஆயர்_ஈத்தாம்_அக்கா எழுதியது:

பினாங்கிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே கொடிமலை (பினாங்கு ஹில்). அங்கே மேலே நட்டால் வருமா ஐயா? பினாங்கில் ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கிய பிரான்சிஸ் லைட் காலத்திலேயே அங்கே ஸ்ட்ராபெரி போட்டார்கள் என்று சொல்வார்கள், ஸ்ட்ராபெரி ஹில் என்று ஒரு இடமே இருக்கிறது.

பழைய_தோட்டக்காரர் எழுதியது:

கொடிமலை 833 மீட்டர்தான் அம்மா. கீழே ஜோர்ஜ்டவுனைவிட ஐந்தாறு டிகிரி குளுமை, ஆனால் கேமரன் அளவுக்கு இல்லை. இடைப்பட்ட இடம். அங்கே நிலம் உள்ளவர்கள் யாராவது முயன்று பார்த்தால் நான் மிகவும் சந்தோஷப்படுவேன். செந்தூலைவிட அங்கே வாய்ப்பு அதிகம். கேமரன் கிழங்கின் பருமனை மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

செந்தூல்_மாடித்தோட்டம் எழுதியது:

விளக்கத்துக்கு மிக்க நன்றி ஐயா. இலைக்காக என்றாலும் போடலாம் என்றே நினைக்கிறேன். விதை முளைக்கவே கஷ்டம் என்கிறார்களே, அதற்கு என்ன வழி?

பழைய_தோட்டக்காரர் எழுதியது:

விதை மிகப் பொடி. ஒரு கிராமில் 2,000க்கு மேல் இருக்கும். முளைக்க வெளிச்சம் வேண்டும், அதனால் மண்ணைப் போட்டு மூடக்கூடாது. மண் சூடேறினால் முளைக்காமல் உறங்கிவிடும். கோலாலம்பூரில் வெளியே வைத்த தட்டில் பலருக்கு ஒன்றுமே முளைக்காமல் போவதற்குக் காரணம் இதுதான், பழைய விதை என்று விற்றவரைத் திட்டிப் பயனில்லை.

இப்படிச் செய்யுங்கள். விதையை ஈரத்துணியில் மடித்து ஓர் இரவு ஐஸ்பெட்டியில் வையுங்கள், உறையும் தட்டில் அல்ல, கீழ்த்தட்டில். ஒரு தட்டையான டப்பாவில் சலித்த தேங்காய் நார்த்தூளை நிரப்பி நன்றாக நனைத்து, மேலே விதையைத் தூவி, விரல் நுனியால் லேசாக அழுத்துங்கள். மூடியைச் சாய்த்து வையுங்கள். இரவில் ஏர்கண்டிஷன் போடுகிற அறை இருந்தால் அங்கே ஜன்னல் ஓரம். தண்ணீரை மேலே ஊற்றினால் விதை ஒரு மூலைக்கு ஓடிவிடும். டப்பாவின் அடியில் ஓட்டை போட்டு, தண்ணீர்த் தட்டில் வைத்து, கீழிருந்து உறிஞ்ச விடுங்கள். இரண்டு, மூன்று வாரம் ஒன்றும் தெரியாது. பிறகு பச்சைத் தூசி படிந்த மாதிரி ஒரு படலம் தெரியும், அதுதான் நாற்று. முளைத்ததும் மூடியை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தண்டு அழுகி ஒரே இரவில் அத்தனையும் சாய்ந்துவிடும்.

நாலைந்து உண்மையான இலை வந்த பிறகு மாற்றி நடுங்கள். குருத்து மண்ணுக்குள் புதையக் கூடாது. இதன் மூதாதை கடலோரச் சதுப்பு நிலத்துச் செடி, வேர் ஆழமாகப் போகாது. அதனால் ஒரு நாள்கூட மண் காயக்கூடாது. மட்கிய சாணமோ காய்கறி உரமோ தாராளமாகச் சேருங்கள். செம்மண் புளிப்பாக இருக்கும், கொஞ்சம் டோலமைட் (சுண்ணாம்புக்கல் தூள்) தூவினால் நல்லது.

செலாயாங்_லோரி எழுதியது:

நான் மொத்தச் சந்தையில் வேலை. வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பெரிய கிழங்கைத் தேடாதீர்கள். கையில் தூக்கிப் பாருங்கள், அளவுக்கு ஏற்ற கனம் இருக்க வேண்டும். பெரியதாக இருந்து கனம் இல்லை என்றால் உள்ளே பஞ்சாகியிருக்கும், அல்லது பொள்ளலாக இருக்கும். நடுவில் தட்டினால் கெட்டியான சத்தம் வர வேண்டும். இலை ஒட்டியிருந்த இடத்தில் அழுத்திப் பாருங்கள், அழுகல் அங்கேதான் தொடங்கும்.

ஆயர்_ஈத்தாம்_அக்கா எழுதியது:

சமையலுக்கு வருகிறேன். இதை உருளைக்கிழங்கு என்று நினைத்துச் சமைத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். மாவுச்சத்து குறைவு, அதனால் குழம்பைக் கெட்டியாக்காது, கரையவும் செய்யாது. முள்ளங்கி என்று நினைத்தாலும் சரிவராது, இதில் அந்தக் காரமும் நீரும் இல்லை. இதற்கென்று ஒரு தனிக் குணம் இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டு சமைக்க வேண்டும்.

முதலில் சீவுவது. தோல்சீவியால் முடியாது. மேலும் கீழும் ஒரு துண்டு வெட்டித் தட்டையாக்கி, பலகையில் நிறுத்தி, பெரிய கத்தியால் மேலிருந்து கீழாகத் தடிப்பாகச் சீவுங்கள். அடிப்பக்கம் வேர் பின்னிய மடிப்புகளில் மண் ஆழமாக இருக்கும், தண்ணீரில் கழுவினாலும் போகாது. அந்தப் பாகத்தை வெட்டித் தள்ளிவிடுவதுதான் நல்லது. கால் பங்குக்கு மேல் போய்விட்டதே என்று வருத்தப்படாதீர்கள். நன்றாகத் தேய்த்துக் கழுவிய தோலும் நுனியும் எலும்பு சூப்பில் போடலாம், வடிகட்டும்போது எடுத்துவிடலாம். வெட்டிய துண்டுகளை உடனே எலுமிச்சை பிழிந்த தண்ணீரில் போடுங்கள், இல்லாவிட்டால் பழுப்பேறும்.

பிரட்டல்தான் எங்கள் வீட்டில் முதலிடம். எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை, சின்ன வெங்காயம், தட்டிய பூண்டு. சோம்பைக் குறையுங்கள், ஏனென்றால் கிழங்குக்கே அந்தக் குடும்ப மணம் உண்டு, இரண்டும் சேர்ந்தால் தூக்கலாகிவிடும். மிளகுத்தூள் கூட இருக்கட்டும், மிளகாய்த்தூள் பேருக்குப் போதும். துண்டுகளைப் போட்டு, உப்புப் போட்டு, கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்து மூடுங்கள். முக்கால் வேக்காட்டில் மூடியை எடுத்துவிட்டு, தீயைக் கூட்டி, ஓரம் சிவக்கும்வரை பிரட்டுங்கள். அந்தச் சிவந்த ஓரத்தில்தான் இனிப்பு இருக்கிறது. கடைசியில் துருவிய தேங்காய்.

சாம்பாரில் போடுவதானால் ஒன்று முக்கியம். புளி ஊற்றுவதற்கு முன்பே கிழங்கு வெந்திருக்க வேண்டும். புளிப்பு ஏறினால் காய் மெதுவாகத்தான் வேகும், எவ்வளவு நேரம் கொதித்தாலும் நடுவில் கடிபடும்.

ஆட்டெலும்பு சூப்பைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். மாமாக் கடை சூப் கம்பிங்கில் மேலே டாவுன் சூப் கிள்ளிப் போடுவார்களே, அந்த மணத்தின் அடிநாதம் இந்தக் கிழங்கிலும் இருக்கிறது. எலும்பு நன்றாக வெந்த பிறகு கனசதுரமாக வெட்டிய செலரியாக்கைப் போட்டு, கால் மணி நேரம் கொதிக்க விட்டு, இறக்கும்போது இலையும் வறுத்த வெங்காயமும் தூவுங்கள். எலும்புச் சாறு முழுக்கக் கிழங்குக்குள் இறங்கிவிடும். என் மாமியார் எந்தப் புதுக் காயையும் லேசில் ஏற்றுக்கொள்ள மாட்டார், இந்தச் சூப்பை மட்டும் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்.

ஜோர்ஜ்டவுன்_சமையல்கட்டு எழுதியது:

அக்கா, பச்சையாகச் சாப்பிடுவதை விட்டுவிட்டீர்களே! பிரான்சில் இதை மெல்லிய குச்சியாகச் சீவி, கடுகுச் சாந்தும் மயோனிசும் கலந்து, ரெமூலாட் என்று சாப்பிடுகிறார்கள். அங்கே சாதாரணக் கடையில்கூடக் கிடைக்கிற பண்டம். அதையே நம் வழியில் செய்யலாம். குச்சியாகச் சீவி, உப்பும் எலுமிச்சையும் பிசறி அரை மணி நேரம் வையுங்கள். துவண்டதும் கெட்டித் தயிர் ஊற்றி, கடுகும் பச்சைமிளகாயும் தாளித்துக் கொட்டினால் அருமையான பச்சடி. பிரியாணிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மேலே குழம்பு ஊற்றிச் சாப்பிடும் மாமாக் கடைச் சாலட், பசெம்பூர், அதில் செங்குவாங் கிழங்கோடு கலந்தும் போட்டேன். எனக்குப் பிடித்தது, வீட்டில் கருத்து வேறுபாடு.

ஆயர்_ஈத்தாம்_அக்கா எழுதியது:

பச்சடி சரி தம்பி, ஒத்துக்கொள்கிறேன். பசெம்பூரில் வேண்டாம். செங்குவாங்கின் வேலையே அந்த நறுநறுப்பும் தண்ணீரும்தான். மணம் உள்ள ஒன்றை அங்கே போட்டால் குழம்பின் வாசனையோடு அது சண்டை போடும்.

பிரிக்பீல்ட்ஸ்_வாசகி எழுதியது:

எனக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. உருளைக்குப் பதிலாக இதைச் சாப்பிடலாமா? யாராவது தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மருந்தகப்_பணி (பெட்டாலிங் சாலை) எழுதியது:

மருந்தகத்தில் வேலை செய்கிறேன், பொதுவான விஷயங்களைச் சொல்கிறேன். பச்சைக் கிழங்கில் 100 கிராமுக்கு மாவுப்பொருள் சுமார் 9 கிராம், உருளையில் சுமார் 17. ஆற்றல் 42 கலோரி. ஆகவே அதே அளவு சாப்பிட்டால் சர்க்கரைச் சுமை குறைவுதான். ஆனால் வெண்ணெயும் பாலாடையும் கொட்டி மசித்தால் அந்த லாபம் போய்விடும்.

மூன்று பேர் கவனிக்க வேண்டும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்து சாப்பிடுகிறவர்கள்: இதில் வைட்டமின் கே 100 கிராமுக்கு 40 மைக்ரோகிராம் அளவில் இருக்கிறது. சாப்பிடவே கூடாது என்பதல்ல, ஒரு வாரம் நிறைய, மறு வாரம் ஒன்றுமில்லை என்று இல்லாமல் ஒரே சீராக வைத்துக்கொள்ளுங்கள், மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள். சிறுநீரகக் கோளாறால் பொட்டாசியம் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள்: 100 கிராமில் சுமார் 300 மில்லிகிராம் இருக்கிறது, கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். மூன்றாவது, ஒவ்வாமை. ஐரோப்பிய ஒன்றியத்தில் உணவுப் பொட்டலத்தில் கட்டாயம் குறிப்பிட வேண்டிய 14 ஒவ்வாமைப் பொருள்களில் செலரியும் ஒன்று, அதில் இந்தக் கிழங்கும் அடங்கும். வேகவைத்தாலும் ஒவ்வாமை முழுக்கப் போகாது. முதல் முறை சாப்பிடுகிறவர்கள் கொஞ்சமாகத் தொடங்குங்கள். வாய் அரிப்பு, உதடு வீக்கம் வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். மூச்சு இழுத்தால் வீட்டில் காத்திருக்கவே வேண்டாம், நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

செடி வளர்க்கிறவர்களுக்கும் ஒன்று: செலரி இலைச்சாறு தோலில் பட்டு, அதன்மேல் வெயில் விழுந்தால் சிலருக்குக் கொப்புளம் வரும். இலை நிறைய ஒடிக்கிற நாளில் கையுறை போடுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ்_வாசகி எழுதியது:

மிக்க நன்றி. அம்மா வார்ஃபரின் எடுக்கிறார், நல்லவேளை கேட்டேன்.

செராஸ்_மண்வெட்டி எழுதியது:

ஐயா, இன்னொன்று கேட்க வேண்டும். நான் பிடுங்கியதை வெட்டியபோது நடுவில் பழுப்பாக ஒரு ஓட்டை. பூச்சி எதுவும் இல்லை. தண்ணீர் அதிகமாகிவிட்டதா?

பழைய_தோட்டக்காரர் எழுதியது:

போரான் பற்றாக்குறையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். செலரிக் குடும்பத்துக்கும் பீட்ரூட்டுக்கும் போரான் குறைந்தால் உள்ளே இப்படித்தான் பழுப்பேறிப் பொள்ளலாகும். போரான் தண்ணீரில் சுலபமாகக் கரைந்து ஓடுகிற சத்து. ஏப்ரலிலும், அக்டோபர், நவம்பரிலும் இங்கே கொட்டுகிற மழைக்குத் தொட்டி மண்ணில் அது தங்காது.

செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. போரான் குறைந்தால் செம்பனையின் இலை நுனி கொக்கியாக வளையும், உடனே மரத்துக்கு இவ்வளவு என்று அளந்து போரேட் (போரான் உரம்) போடுவோம். நான் பார்த்த தோட்டங்களில் உர மூட்டைகளுக்கு நடுவே போரேட் மூட்டையை மட்டும் தனியாகப் பூட்டி வைப்பார்கள். கொஞ்சம் கூடினாலும் அது செடிக்கு விஷம். அதனால் தொட்டிக்கு போராக்ஸை (போரான் உப்பை) அள்ளிப் போடாதீர்கள். நுண்சத்து கலந்த உரம் நர்சரியில் கிடைக்கும், பொட்டலத்தில் போட்ட அளவோடு நிறுத்துங்கள். மண் ஒரு நாள் காய்ந்து ஒரு நாள் நனைந்தாலும் இதே கோளாறு வரும், ஏனென்றால் போரான் தண்ணீரோடுதான் செடிக்குள் ஏறும்.

இலையில் பழுப்புப் புள்ளி விழுந்து, அதில் கறுப்பாகப் பொடிப்பொடியாகத் தெரிந்தால் அது செப்டோரியா என்கிற பூஞ்சை. மழை தெறித்துப் பரவும். அந்த இலைகளைக் கிள்ளிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் வேண்டாம். மாடியில் கூரைக்குக் கீழே வளர்க்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.

செந்தூல்_மாடித்தோட்டம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அக்கா சொன்ன பிரட்டலை இன்றைக்கே செய்தோம், தேங்காய் போட்டதும் தட்டு காலி. விதையும் ஐஸ்பெட்டிக்குப் போய்விட்டது. கடைசியாக ஒன்று: வெட்டிப்போட்ட தலைப்பக்கத்தைத் தண்ணீரில் வைத்தால் மறுபடி வளருமா? பாதிக் கிழங்கு மீதம் இருக்கிறது, அதை எப்படி வைப்பது?

பழைய_தோட்டக்காரர் எழுதியது:

குருத்து சேதமாகாமல் இருந்தால் தலைப்பக்கம் தளிர்க்கும். ஒரு விரல் உயரத்துக்குக் கிழங்கோடு சேர்த்து வெட்டி, ஆழமில்லாத தண்ணீரில் வையுங்கள், தண்ணீரை நாள்தோறும் மாற்றுங்கள். வேர் விட்டதும் தொட்டிக்கு மாற்றலாம். கிழங்கு மறுபடி வராது. இது ஈராண்டுச் செடி. முதல் ஆண்டில் கிழங்கில் சேர்த்து வைத்ததை அடுத்த ஆண்டு பூப்பதற்குச் செலவழிக்கும். கப்பலிலும் கடையிலும் குளிரில் கிடந்து வந்ததால், குளிர்காலம் முடிந்தது என்று எண்ணி அது பூந்தண்டு விடவும் கூடும். அதுவரை வரும் தளிர் இலை சூப்புக்கு நல்லது, மணமும் அதிகம்.

ஆயர்_ஈத்தாம்_அக்கா எழுதியது:

மீதிப் பாதியைச் சீவ வேண்டாம் தம்பி. வெட்டிய முகத்தில் எலுமிச்சையைத் தேய்த்து, ஈரத்துணியில் சுற்றி, பையில் போட்டு ஐஸ்பெட்டியின் காய்கறித் தட்டில் வையுங்கள், ஒரு வாரம் தாங்கும். முழுக் கிழங்காக இருந்தால் இலையை மட்டும் வெட்டிவிட்டு வைத்தால் சில வாரம்கூட இருக்கும். வெட்டிய முகம் பழுப்பேறியிருந்தால் மெல்லியதாக ஒரு சீவு சீவிவிட்டுச் சமையுங்கள், ருசியில் குறை இருக்காது.